மூன்று ஓலைகளும் ஒரு டியூப்பும்

ஜூலை 26, சனி

காற்று. மண்காற்று. முத்தையாபுரத்திலிருந்து டவுனுக்குப் போவதற்குள் கண், காது, பல்லிடுக்கு எல்லாம் மணல். ஸ்கூட்டிக்கு இன்னும் ஆயில் மாற்றவில்லை.

தோல் டாக்டர். பதினொன்றுக்கு வரச் சொல்லி ஒன்றே காலுக்குப் பார்த்தார். என் வயதுதான் இருக்கும், அதுவே கொஞ்சம் கடுப்பு. விளக்கை முகத்தோரம் கொண்டுவந்து பார்த்தார். முதல் கேள்வி, "எத்தனை வருஷமா போடுறீங்க?"

எதை என்று நான் கேட்கவில்லை. பையிலிருந்து டியூப்பை எடுத்து மேசையில் வைத்தேன். நாலு வருஷம்.

"இது ஸ்டீராய்டு கிரீம். சிவப்பழகுக்கு இல்ல. மெடிக்கல்ல கேட்டா யாருக்கும் குடுத்துருவாங்க. தோல் மெலிஞ்சு போச்சு, கன்னத்துல நரம்பு நூல் நூலா தெரியுது பாருங்க. இன்னைக்கே விடணும்."

விட்டால் என்ன ஆகும்? முதலில் மோசமாகும். சிவக்கும், எரியும், பரு வரும். இரண்டு மூன்று மாதம். அதன்பின் அடங்கும். கல்யாணம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். ஆகஸ்ட் 28 என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

எழுதித் தந்தது:
காலை – ஃபேஸ்வாஷ் (பட்டாணி அளவு, தேய்க்காமல்). மாய்ஸ்சரைசர். சன்ஸ்கிரீன், இரண்டு விரல் நீளம்.
மதியம் – சன்ஸ்கிரீன் மறுபடி.
இரவு – ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர்.
மாத்திரை – ஒரு மாதம்.
கூடாதவை – மஞ்சள், எலுமிச்சை, தயிர், கடலை மாவு, ஆவி, ஃபேஷியல், யூடியூப்.

மற்றதெல்லாம் அச்சடித்த தாள், யூடியூப் மட்டும் அவரே பேனாவால் சேர்த்தார்.

கடைசியாக, "என் ஸ்கின் டைப் என்ன டாக்டர், எண்ணெயா, வறட்சியா?" என்றேன். "இப்ப யாராலயும் சொல்ல முடியாது. இது உங்க தோலே இல்ல, கிரீமோட தோல். அஞ்சாறு மாசம் போகட்டும்." வெளியே வந்து கரும்புச்சாறு. அழுகை வரவில்லை, பசிதான் வந்தது.

ஜூலை 27, ஞாயிறு

கிரீம் இல்லாமல் முதல் நாள். ஒன்றும் இல்லை. சும்மா பயமுறுத்துகிறாரோ?

எப்படித் தொடங்கியது என்று எழுதி வைத்துக்கொள்கிறேன், பிறகு மறந்ததுபோல் நடிக்கக் கூடாது. நாலு வருஷம் முன்பு இரண்டாவதாகப் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு லெட்சணம்தான், நிறந்தான் கொஞ்சம்..." என்று இழுத்துவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் அம்மா மெடிக்கல் அண்ணாச்சியிடம் கேட்டு டியூப் வாங்கி வந்தாள். பத்தே நாள். முகம் பளிங்கு. ஆபீசில் எல்லோரும் கேட்டார்கள். எனக்கும் பிடித்திருந்தது. அம்மா மேல் மட்டும் பழி போட்டால் அது பொய்.

இந்த வருஷம் நாசரேத் ஊருக்கு, மாப்பிள்ளை டேனியல் வீட்டுக்குப் போனதும் அந்தப் பளிங்கு முகத்துப் போட்டோதான். டேனியலின் அம்மா ரிட்டயர்டு டீச்சர். தெருவில் பாதிப் பேருக்கு அந்தப் போட்டோவைக் காட்டியாயிற்று என்று டேனியலே சொன்னார், பெருமையாக.

ஜூலை 30, புதன்

4ஆம் நாள். டாக்டர் பயமுறுத்தவில்லை.

எரிச்சல் பத்துக்கு ஆறு. அடுப்பு முன் நிற்க முடியவில்லை. தோசைக்கல்லில் இருப்பது நானா தோசையா தெரியவில்லை. மூக்கு ஓரம் எண்ணெய், கன்னத்தில் செதில், இரண்டும் ஒரே முகத்தில். மாஸ்க் போட்டு ஆபீஸ். மூன்று ஷிப்பிங் பில், ஒன்றில் எடை தப்பு, நான்தான்.

துறைமுக கேட்டில் மாஸ்க்கை இறக்கச் சொன்னார் காவலர். பாஸைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி பாஸைப் பார்த்தார். "இது உங்க தங்கச்சி பாஸா?" என்றார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

8ஆம் நாள். எரிச்சல் ஒன்பது. தாடையில் சீழ்ப்பரு, எண்ணினேன், பதினேழு. காலையில் கண்ணாடியைத் திருப்பி வைத்தேன். அப்பா சவரம் செய்யப் போய்க் கண்ணாடியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரே அதைத் திருப்பிக்கொண்டார். பிறகு சந்தைக்குப் போய் இளநீர் நாலு. அப்பாவின் பாஷை அவ்வளவுதான்.

அம்மாவின் பாஷை வேறு.

"ஏளா, ஒரு மாசந்தானே. கல்யாணம் முடியட்டும், பெறவு விடு. அந்தப் பிள்ளை டாக்டருக்கு என்ன, எழுதிட்டுப் போயிருவா. ஊருக்குப் பதில் சொல்லப்போறது நான்லா."

"முடிஞ்ச பெறவு விட்டா, முடிஞ்ச பெறவு இப்பிடி ஆகும். அவுங்க வீட்ல வச்சு ஆகும். அப்ப என்னம்மா சொல்லுவ?"

"அப்ப கழுத்துல தாலி கிடக்கும்."

எல்லாக் கேள்விக்கும் அம்மாவிடம் இந்த ஒரு பதில் இருக்கிறது.

டேனியல் வழக்கம்போல மதியம் வீடியோ கால். கேமரா ரிப்பேர் என்றேன். அவர் வேலை பார்க்கும் கோயம்புத்தூரில் மழையாம். நல்ல மனுஷன். என் குரலைக் கேட்டாலே போதும் என்றார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

12ஆம் நாள். வழக்கம்போலத்தான். கழுவு, பூசு, பூசு, பூசு. எரிச்சல் எட்டு. ஒன்று குறைந்திருக்கிறது. டியூப்பைத் தேடினேன், உண்மையை எழுதுகிறேன். போட அல்ல, பார்க்க. பீரோவில் இல்லை. நல்லது.

பக்கத்து மேசை மெட்டில்டா அக்கா கேட்டுவிட்டார். எல்லாம் சொன்னேன். அவர் கடற்கரைக்காரர், பேச்சு காற்றை எதிர்த்துப் பேசியே பழகிய சத்தம்.

"எம் மனுசன் ஒம்பது மாசம் கப்பல்ல கெடந்துட்டு வாரப்ப தாடியும் தொப்பையுமா எறங்குவாரு. நான் என்ன போன தடவை போட்டோவக் கொண்டான்னா கேட்டேன்?"

பாதி ஆபீசுக்குக் கேட்டது. பரவாயில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

முதல் ஓலை.

ஓலை என்றால் கல்யாண அறிவிப்பு, மூன்று ஞாயிறு ஆலயத்தில் வாசிப்பார்கள். யாருக்காவது தடை சொல்ல வேண்டுமென்றால் அதற்குள் சொல்லிவிட வேண்டும். என் பெயர், அப்பா பெயர், எங்கள் சபை வட்டாரமான சேகரம், அவர் பெயர், நாசரேத் சேகரம். "இது முதலாம் ஓலை." பியூலா என்று மைக்கில் கேட்டபோது யாரோ ஒரு பியூலா என்றுதான் இருந்தது. பவுடர் ஒட்டவில்லை, செதிலோடு உதிர்ந்து நீலச் சேலையில் வெள்ளை வெள்ளையாக. ஆராதனை முடிந்து பெண்கள் சங்கத்து ஆட்கள் வரிசையாக. "என்னளா முகம் இப்பிடி?" "அம்மையா?" "வேப்பிலை அரைச்சுப் போடு." "கத்தாழை." "யாரும் கண்ணு வச்சிருப்பாக." கடைசி ஆள் உபதேசியார் மனைவி. ஆலய வாசலில் நின்றுகொண்டு கண்ணு என்கிறார்.

அம்மா எல்லோருக்கும் ஒரே பதில், "சூட்டுக் கொப்புளம், ஒரு வாரத்துல மாறிரும்." அவ்வளவு உறுதியாகச் சொன்னாள். எனக்கே நம்பிக்கை வந்தது.

16ஆம் தேதி டேனியலின் அம்மா கல்யாணப் பட்டு எடுக்க வருகிறார். ஆறு நாள்.

ஆகஸ்ட் 13, புதன்

இன்று எரிச்சல் மூன்று.

மறுபடி எழுதுகிறேன். மூன்று! நேற்றே ஐந்துதான். பரு அமுங்கிவிட்டது. 18 நாள்தான் ஆகிறது, டாக்டர் சொன்னது மூன்று மாதம். ஒழுங்காகச் செய்தேன், ஒரு வேளை தவறவில்லை. மதியம் சன்ஸ்கிரீன் போட ஆபீஸ் பாத்ரூமில் வரிசையில் நின்றிருக்கிறேன். பலன் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 14, வியாழன்

எரிச்சல் ஒன்று. கண்ணாடியில் பத்து நிமிடம். ஆபீசுக்கு லேட்.

மாலை, தோல் எந்த வகை என்று பார்க்கும் பேப்பர் பரிசோதனை. முகம் கழுவி, எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம், பிறகு டிஷ்யூ ஒற்ற வேண்டும். நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய்த் தடம். கன்னத்தில் இல்லை. அப்படியானால் கலவைத் தோல். டாக்டர் ஆறு மாதம் ஆகும் என்றது மூன்று வாரத்தில் தெரிந்துவிட்டது. இருபத்தொன்பது வயதில் என் முகம் எனக்கு அறிமுகம். அறையைச் சாத்திக்கொண்டு அழுதேன், சந்தோஷத்தில். டிஷ்யூவைத் தூரப் போடவில்லை, இந்த நோட்டில்தான் இருக்கிறது.

அம்மாவிடம் காட்டினேன். "நான் சொல்லல?" என்று மட்டும் சொல்லிவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள். சாளை. நல்ல ருசி.

ஆகஸ்ட் 16, சனி

ஜவுளிக்கடை, மூன்று மணி நேரம். அரக்கா மாம்பழமா என்று இரண்டு அம்மாக்களும் சமாதானமாகச் சண்டை. கடைசியில் சந்தன நிறம். நான் கேட்ட பச்சையை யாரும் விரிக்கவே இல்லை.

அத்தை, அதாவது டேனியலின் அம்மா, சேலையை என் தோளில் போட்டுக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். "போட்டோல உள்ளபடியே இருக்காளே. நான் கூட கம்ப்யூட்டர்ல ஏதும் பண்ணியிருப்பாங்களோன்னு நெனச்சேன். இந்தக் காலத்துல யாரை நம்பச் சொல்லுதீங்க."

எல்லோரும் சிரித்தோம். அம்மாதான் அதிகம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இரண்டாம் ஓலை. ஆனால் நான் எழுத வந்தது வேறு.

அறிவிப்புகள் வாசித்தபோது, ஓலைக்குச் சற்று முன்பு, ஸ்தோத்திரக் காணிக்கைகள். வேலை கிடைத்ததற்காக ஒரு குடும்பம். ஆபரேஷன் நன்றாய் முடிந்ததற்காக ஒரு குடும்பம். பிறகு, "தங்கள் மகளின் முகத்தில் உண்டாயிருந்த சுகவீனம் நீங்கி, கர்த்தர் பூரண சுகம் தந்ததற்காக ஒரு குடும்பத்தார்."

ஒரு குடும்பத்தார். பெயர் இல்லை. ஆனால் ஆலயத்தில் அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது, மின்விசிறிகூடத் திரும்பியிருக்கும். அம்மா கண்ணை மூடியிருந்தாள்.

"எம்மா, என்கிட்ட கேக்காம எதுக்கு?"

"ஆண்டவருக்கு நன்றி சொல்லுததுக்கு ஒங்கிட்ட பெர்மிஷன் வாங்கணுமோ?"

கோபம்தான். ஆனாலும் சுகமானது உண்மைதானே என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஆபீசிலிருந்து நேரே டாக்டர். பெருமையாக மாஸ்க்கைக் கழற்றினேன். பாராட்டுவார் என்று பார்த்தால் நெற்றியைச் சுருக்கினார்.

"இவ்வளவு சீக்கிரம் அடங்காதே. பூசுறதெல்லாம் கொண்டு வந்தீங்களா?"

மேசையில் வைத்தேன். ஃபேஸ்வாஷ், சன்ஸ்கிரீன், மாய்ஸ்சரைசர் டப்பா. டப்பாவைத் திறந்தார். புறங்கையில் கொஞ்சம் தேய்த்தார். முகர்ந்தார். புது டப்பா ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து இன்னொரு கையில் தேய்த்தார். ஒன்று வெள்ளை. என்னுடையது லேசாக மஞ்சள், கொழகொழவென்று, பழைய டியூப்பின் அதே வாசம். இத்தனை நாளாகத் தினமும் இரண்டு வேளை மூக்குக்குக் கீழே பூசியிருக்கிறேன், தெரியவில்லை. நாலு வருஷமாக என் முகத்தின் வாசமே அதுதானே.

"வீட்ல வேற யாரு இதைத் தொடுவாங்க?" என்றார் டாக்டர். மெதுவாகத்தான் கேட்டார்.

திருச்செந்தூர் ரோட்டில் எப்படி ஓட்டி வந்தேன் தெரியாது. அம்மா ஆலயத்துக்குக் கொண்டுபோகும் பை, வேதாகமமும் பாட்டுப்புத்தகமும் வைக்கிற பை, கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. ஏன் நேரே அதில் கைவிட்டேன் என்றும் தெரியாது. இரண்டு டியூப். ஒன்று முழுசாகப் பிதுக்கியது, வாலை நன்றாகச் சுருட்டி வைத்திருக்கிறாள். அம்மா எதையும் வீணாக்க மாட்டாள்.

"மொத ஓலை அன்னைக்குத்தான் கலந்தேன். கொஞ்சூண்டுதான். ஒன் மொகத்தப் பாக்க எனக்குத் தாங்கல."

"காணிக்கை வேற குடுத்தியே."

"கொறஞ்சுச்சுல்லா. மருந்துல ஆண்டவர் கிரியை செய்ய மாட்டாரா?"

அம்மா பொய் சொல்லவில்லை. அதுதான் பயங்கரம். அவள் உண்மையாகவே நன்றி சொல்லியிருக்கிறாள்.

பிறகு அழுதுகொண்டே சொன்னாள். "என்னையப் பாக்க வந்தவங்க காப்பியக் குடிச்சிட்டு, எந் தங்கச்சியக் கேட்டாங்க. நான் டம்ளர் எடுக்கக் குனிஞ்சிருக்கேன், எந் தலைக்கு மேல வச்சுக் கேட்டாங்க. ஒனக்கு அது வேண்டாம்னு பாத்தேன்."

இதை இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. சித்தி ஏன் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை என்று இப்போது புரிகிறது. பாவமாக இருந்தது. மன்னிக்க முடியவில்லை. இரண்டும்.

ஆகஸ்ட் 20, புதன்

கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

1. இன்று விட்டால், 28 அன்று 9ஆம் நாள். போன முறை 8ஆம் நாள்தான் பதினேழு பரு.
2. 28 வரை போட்டுவிட்டு 29இல் விட்டால், அவர் வீட்டில், புது மருமகளாக, செதில் உதிர்த்துக்கொண்டு.
3. விடாமலே இருந்தால், அவர் வீட்டிலும் ஒரு பை, கதவுக்குப் பின்னால்.
4. கல்யாணத்தைத் தள்ளிப்போட்டால். அட்டை கொடுத்தாயிற்று. மண்டபம், பிரியாணி, இரண்டு ஓலை.

எந்தப் பக்கம் போனாலும் சுவர். டிஷ்யூவை எடுத்துப் பார்த்தேன். அதுவும் என்னுடையது இல்லை. கிழித்தேன்.

மாலை புது மாய்ஸ்சரைசர். அலுவலக டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டேன், வீட்டுக்குக் கைப்பையில் கொஞ்சம் மட்டும். பெற்ற தாயிடமிருந்து கிரீமை ஒளிக்கிற நிலைமை. கைப்பையை அப்பா பார்த்தார், டிராயரைப் பற்றிச் சொன்னேன். "பூட்டு நல்லதா இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

2ஆம் நாள். கன்னத்தில் சூடு ஏறுகிறது.

டேனியலிடம் சொல்லிவிட்டேன். போனில், மதிய இடைவேளையில், கண்டெய்னர் லாரிகள் போகிற சத்தத்தில். நாலு வருஷம், டியூப், அம்மா, எல்லாம். நடுவில் ஒரு தடவை கூடக் குறுக்கே பேசவில்லை. கோபப்படவில்லை. நான் எதிர்பார்த்தது எதுவும் நடக்கவில்லை.

"பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டிருக்க," என்றார். "ஒண்ணு செய்யேன். 28 வரைக்கும் அதையே போட்டுக்கோ. போட்டோ, வீடியோ எல்லாம் இருக்குல்லா, ஆயுசுக்கும் இருக்கும். பெறவு கோயம்புத்தூர்ல நல்ல டாக்டரா பாப்போம். அம்மாட்ட இப்ப சொல்லாண்டாம்."

எங்கள் அம்மா சொன்னதையே. கொஞ்சம் அழகாக. நானும் சரி என்றேன். வாயில் அதுதான் வந்தது. போனை வைத்துவிட்டு மெட்டில்டா அக்காவின் மேசைக்கு அடியில் இருந்த சாப்பாட்டுப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் என் மேல் அன்பாக இருக்கிறார்கள். ஒருவர் கூட என் பக்கம் இல்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

3ஆம் நாள். எரிச்சல் ஐந்து. தையல்காரர் ரவிக்கை தந்தார், கை இறுக்கம். மேக்கப் பெண் போன், "ஸ்கின் டைப் சொல்லுங்கக்கா, அதுக்கேத்த ஃபவுண்டேஷன் வாங்கணும்." போனைக் கட் பண்ணிவிட்டேன். பிறகு மன்னிப்புக் கேட்டு மெசேஜ்.

அம்மா என்னிடம் பேசவில்லை. சமையலறையில் ஒரு டியூப், பார்க்கும் இடத்தில், தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில். நானாக எடுக்கட்டும் என்று. தாகத்துக்குப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போகிறேன்.

ஆகஸ்ட் 23, சனி

4ஆம் நாள். ஏழு. டியூப்பை எடுத்தேன். மூடியைத் திறந்தேன். விரல் நுனியில் மிளகளவு. கண்ணாடி முன் எவ்வளவு நேரம் நின்றேன் தெரியாது. விரலைக் கழுவிவிட்டேன். சோப்புப் போட்டு, மூன்று தடவை.

வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

5ஆம் நாள். எட்டு. வெயில் ஏழு மணிக்கே சுள்ளென்று.

ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் இரண்டு விரல். பவுடர் இல்லை. மாஸ்க் இல்லை. அம்மா பார்த்தாள். "நான் வரல" என்றாள். எனக்குத் தெரிந்து அம்மா ஆராதனைக்குப் போகாத ஞாயிறு கிடையாது, டைபாய்டு வந்தபோது கூட. அப்பாவும் நானும் போனோம். போன வாரம் என் பூரண சுகத்துக்காகத் தோத்திரம் செய்த சபை இந்த வாரம் என்னைப் பார்த்துவிட்டுப் பாட்டுப்புத்தகத்தைப் பார்த்தது.

மூன்றாம் ஓலை. என் பெயர். அவர் பெயர். "இவர்கள் இணைவதற்கு நியாயமான தடை ஏதேனும் இருந்தால் இப்போதே தெரிவிக்க வேண்டும். இது மூன்றாம் ஓலை." குருவானவர் ஐயா வழக்கமாக அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துவார். நிறுத்தினார். நான் திரும்பிப் பார்த்தேன். பின் வரிசை, நடு வரிசை, ஆண்கள் பக்கம். யாரும் எழுந்திருக்கவில்லை. ஐயா அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார், கல்லறைத் தோட்டம் சுத்தம் செய்வது. யாராவது எழுந்திருக்க மாட்டார்களா என்று நான் காத்திருந்தேன் என்பது எனக்கு அதன்பிறகுதான் உறைத்தது.

பன்னிரண்டு மணிக்கு வீடு. ஜன்னல் பக்கம் நின்று மூன்று போட்டோ. இடது கன்னம், வலது கன்னம், தாடை. டேனியலுக்கு அனுப்பி எழுதினேன்:

"வியாழக்கிழமை சரின்னு சொன்னது பொய். கிரீம் போடல, போடவும் மாட்டேன். 28ஆம் தேதி ஆலயத்துக்கு இந்த முகத்தோடதான் வருவேன், இதைவிட மோசமாவும் இருக்கலாம். ஒங்களுக்குச் சம்மதமா இல்லையா, இன்னைக்கே சொல்லிருங்க."

பார்த்துவிட்டார். எழுதுகிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதுகிறார். அப்பா சாப்பிடக் கூப்பிட்டார். அம்மா தட்டு வைக்கிற சத்தம். இருபது நிமிடம்.

பதில் வந்தது. "அம்மாட்ட காட்டிட்டுச் சொல்லுதேன்."

காட்டட்டும்.